போதைநோயும் உபாத்தியாயர் கடமையும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் உபாத்தியாயர்களுக்குக் கள்ளுண்ணாமை புதிய பாடமன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலின் கேட்டைத் தனியே எடுத்துரைத்தார்கள். திருவள்ளுவநாயனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். பஞ்சமாபாதகங்களுள் கள்ளும் ஒன்று என்பதைச் சிறு பிள்ளைகளும் விரல் மடித்துச் சொல்வர். ஆயினும் இவையெல்லாம் குடியாதவனைக் குடியாமற் காக்கும் பாடங்கள். குடியிலே வீழ்ந்தவனை எழுப்பும் வழி யாது, அவ்வழியை ஒரு சிறு பட்டினத்திலே எங்கே தேடுவது என்னும் வினாவுக்கு நம்மில் எத்தனை பேர் விடை சொல்ல வல்லோம்? ஒரு மாணாக்கன் தன் தகப்பனார் பொருட்டோ தமையன் பொருட்டோ நம் முன்னே வந்து நின்றால், அவனை எவ்விடத்துக்கு அனுப்புவோம்? இவ்வினாவையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்கின்றோம்.

முற்காலத்திலே நம் ஊர்களுக்கு இருந்த பகை கள்ளுத் தவறணையும் சாராயக் கடையுமேயாம். இக்காலத்திலோ கசிப்பு, கஞ்சா, மாவா, போதைக் குளிசை, குடு என்று வழங்கும் ஹெரோயின், ஐஸ் என்று வழங்கும் மெதாம்பெற்றமின் எனப் பகை பலவாயிற்று. சட்டங்கள் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதவருக்கு மதுவும் புகையிலையும் விற்றலைத் தடுத்துளது. அபாயகர ஔடதங்களைப் பற்றிய 1929ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் 2022ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டு, ஐஸ் வைத்திருப்போருக்கும் விற்போருக்கும் கடுந்தண்டனை விதிக்கின்றது. ஆனால் விற்பவனைத் தண்டித்தல் சட்டத்தின் வேலை; வீழ்ந்தவனைக் கைகொடுத்துத் தூக்குதல் அயலார் வேலை. அவ்வயலாருள் முதல்வர் உபாத்தியாயரே.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், நம்முள் ஒருவர் படிப்பித்த வகுப்பிலே ஒரு மாணாக்கன் திங்கட்கிழமைதோறும் வாராதொழிந்தான். விசாரித்தபோது, தகப்பனாரின் குடியினால் ஞாயிற்றுக்கிழமை இரவுகளிலே அவ்வீட்டில் எவரும் உறங்குவதில்லை என்பது தெரிந்தது. அவ்வுபாத்தியாயர் இரக்கமுடையவர். அன்று மாலையே வீட்டுக்குச் சென்று தகப்பனாரோடு நெடுநேரம் பேசினார். மறுநாட் காலையிலே அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், இனிக் குடிப்பதில்லை என்று கற்பூரத்தின் முன்னே சத்தியஞ் செய்வித்தார். வீட்டாரும் அவரை வெளியே போகவொட்டாது அறையிலே வைத்துப் பூட்டினர்.

முதல்நாள் கைகால்கள் நடுங்கின, உடம்பெல்லாம் வியர்த்தது, உண்டது நில்லாது வாந்தியாயிற்று. குடி வெளியேறுகின்றது என்று யாவரும் மகிழ்ந்தனர். இரண்டாம்நாள் ஒருமுறை வலிப்பு வந்து நீங்கிற்று. மூன்றாம்நாள் இரவு, சுவரிலே பாம்பு ஊர்கின்றது என்று அவர் அலறினார். மனைவியையும் இன்னாரென அறிந்திலர். அயலார் பேய் என்றனர். மந்திரிப்பவரை அழைக்க ஆளும் போயிற்று. அவ்வொழுங்கையிலே ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வசித்தமை நல்வினைப் பயனாயிற்று. அவர் வந்து பார்த்து, இது பேயன்று, குடி திடீரென நின்றதனால் வந்த சன்னி என்று சொல்லி, முச்சக்கரவண்டியிலே ஏற்றுவித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயினார். நோயாளர் பிழைத்தார். வைத்தியர் நம் நண்பரைத் தனியே அழைத்து, "மாஸ்டர், குடியை விடச் சொன்னது சரி, தனிய விடச் சொன்னதுதான் பிழை" என்றார்.

அப்பிழை அவ்வொருவருடையது மாத்திரமன்று. அன்று அவ்விடத்திலே நம்மில் யார் நின்றிருந்தாலும் அதனையே செய்திருப்போம். நல்லெண்ணம் இருந்தது, அறிவு இருந்திலது.

பிழையும் நோயும்

குடித்தல் தொடக்கத்திலே ஒருவன் தெரிந்து செய்யும் செயலே. ஆயின் நாடோறும் மிகுதியாகக் குடித்து வருபவனுடைய மூளை, அம்மதுவுக்கு ஏற்பத் தன் நிலையை மாற்றிக்கொள்கின்றது. மது மூளையைத் தளர்த்துவது. அத்தளர்ச்சியை எதிர்த்து நிற்றற்பொருட்டு மூளை தன்னை எப்பொழுதும் முறுக்கி வைத்துக்கொள்கின்றது. மது திடீரென நிற்குமாயின் தளர்ச்சி போய் முறுக்கு மாத்திரம் எஞ்சும். நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் அம்முறுக்கின் விளைவுகளே. இந்நிலையை அடைந்தவன், குடியாதிருக்க விரும்பினும் தன் விருப்பத்தினால் மாத்திரம் அதனைச் செய்ய வல்லனல்லன். இதனாலேயே வைத்திய சாத்திரம் இதனை நோய் என்கின்றது.

இவ்வாறு சொல்லுதலால் குடியைப் பாவமன்று என்று நாம் சொல்கின்றோமல்லோம். நெருப்பை மிதித்தவன் தன் பிழையினாலே மிதித்தானாயினும், அவன் காலில் உண்டானது புண். புண்ணுக்கு முதலில் வேண்டுவது மருந்து. உபதேசம் அதற்குப் பின். முறை மாறினால் இரண்டும் பயன்படா.

மூவகைப் போதை, மூவகை அபாயம்

உபாத்தியாயர் வைத்தியராக வேண்டுவதில்லை. ஆயினும் எவ்விடத்தில் அபாயம் உளது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அபாயம் எல்லாப் போதைக்கும் ஒன்றன்று.

முதலாவது மது. நெடுங்காலம் நாடோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். வலிப்பு வருமாயின் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையிலே சிலருக்குச் சன்னி காணும், இல்லாதன தோன்றும், ஆள் அறியாமையும் காய்ச்சலும் நாடி விரைதலும் உண்டாகும். சிகிச்சை இன்றேல் இதிலே உயிரிழப்போர் உளர். ஆசுப்பத்திரியிலோ நரம்பின் முறுக்கைத் தணிக்கும் மருந்தை முதலிலே கொடுத்து, பின் நாளுக்கு நாள் குறைத்து, சில நாட்களிலே நிறுத்துகின்றனர். தயமின் எனப்படும் பி 1 உயிர்ச்சத்தையும் கொடுக்கின்றனர். அது குறைந்தால் ஞாபகமும் நடையும் கண்ணின் அசைவும் கெடும். ஆகவே மதுவைப் பொறுத்தவரை அபாயம் நிறுத்தும் நாட்களிலே உளது என்று அறிக.

இரண்டாவது ஹெரோயின். இதனை நிறுத்தியவனுக்கு அரை நாளுக்குள் கொட்டாவியும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதலும், வயிற்று வலியும் வயிற்றோட்டமும், எலும்பெல்லாம் நோவும் தோன்றும். இரண்டாம் மூன்றாம் நாட்களிலே வேதனை மிகும். ஒரு வாரமளவிலே தணியும். வேதனை பெரிதாயினும் அவ்வேதனையே உயிரைக் கொண்டுபோதல் அரிது. அபாயம் அதன் பின்னே காத்திருக்கின்றது. சில வாரங்கள் விலகியிருந்தவனுடைய உடம்பு பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். அவன் மீண்டும் ஒருநாள் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று இறப்பான். சிறையிலிருந்தும் புனர்வாழ்வு நிலையத்திலிருந்தும் வீடு திரும்பியவரை முதல் வாரங்களிலே தனியே விடலாகாது என்பது இதனாலேயாம்.

மூன்றாவது ஐஸ். இதனை எடுப்பவன் இரண்டு மூன்று நாள் உறங்கான், உண்ணான். பெற்ற தாயையும் ஐயுறுவான். எவரோ தன்னைப் பின்தொடர்வதாகவும் பேசுவதாகவும் சொல்வான். நிறுத்திய பின் நெடுநேரம் உறங்குவான், மிகப் பசிப்பான், அதன்பின் பெருஞ்சோர்வு அவனை மூடும். அச்சோர்விலே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுதல் கூடும். இந்நோய்க்கெனத் தனி மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. பேச்சினால் செய்யும் சிகிச்சையும், ஒழுங்கான நாட்கடனும், கூட இருப்பாருமே மருந்து. ஆகவே இதிலே அபாயம் சோர்வின் நாட்களிலே உளது.

உதவி எங்கே உளது

எங்கள் ஊரிலே இதற்கொரு வழியுமில்லை, கொழும்புக்கே போக வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்கின்றோம். அஃது உண்மையன்று. வழி உளது, அதன் வாயில் எது என்று அறிந்தோரே இலர்.

2005ஆம் ஆண்டு இலங்கையின் உளநலக் கொள்கை வகுக்கப்பட்ட பின், உளநலத்துக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரிகள் கொழும்பை விட்டுத் தூரத்திலுள்ள வைத்தியசாலைகளுக்கும் நியமிக்கப்படலாயினர். யாழ்ப்பாணத்திலே போதனா வைத்தியசாலையும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகளும் உள. தெல்லிப்பழையிலே உளநலப் பிரிவு நெடுங்காலமாக நடைபெறுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய இடங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள. இங்கெல்லாம் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்று வெளிநோயாளர் பிரிவிலே சொன்னாற் போதும்; உரிய இடத்துக்கு அனுப்புவர். எவ்வளவு குடி என்பதை அறிய வைத்தியர் வினவுவார். உலக சுகாதார தாபனம் 1989ஆம் ஆண்டிலே வெளியிட்ட பத்து வினாக்களை வைத்துக் கேட்பாரும் உளர். அவ்வினாக்களுக்கு உண்மையே சொல்ல வேண்டும். அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துவிடும்.

வைத்தியசாலைக்குப் போக அஞ்சுவோருக்கு அதனினும் அண்மையான வாயில்கள் உள. குடும்பநல உத்தியோகத்தர் கைக்குழந்தையுள்ள வீடுதோறும் வழக்கமாகப் போய்வருபவர். அவர் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் ஏன் வந்தார் என்று அயலார் ஐயுறார். பிரதேச செயலகங்களிலே உளவளத்துணை உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளர். தொலைபேசியிலே 1927 என்னும் இலக்கம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினுடையது. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தினுடையது. பிள்ளைக்கு வீட்டிலே ஆபத்து உண்டாயின் 1929 என்னும் இலக்கத்திலே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம்.

ஒன்றைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். வைத்தியரிடம் போதல் பொலிசாரிடம் போதலன்று. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைப்பொருளிலே தங்கியிருப்போர் தாமாகவே வந்து சிகிச்சை பெறவும் வழி வகுத்துளது. இனி, தனியார் நடத்தும் புனர்வாழ்வு இல்லம் ஒன்றிலே பிள்ளையைச் சேர்க்க நினைப்போர் நான்கு கேள்வி கேட்டல் வேண்டும்: அனுமதிப்பத்திரம் உண்டோ? வைத்தியர் வருவரோ? வீட்டார் வந்து பார்க்க விடுவரோ? அடித்துத் திருத்துவதில்லை என்று உறுதி கூறுவரோ? இவற்றுள் ஒன்றற்கேனும் நேரான விடை கிடையாவிடின் அவ்விடத்தை விட்டுத் திரும்புதலே நன்று.

நாணம் என்னும் பூட்டு

சிறு பட்டினத்திலே உதவி தேடுவார்க்குத் தடையாவது தூரமன்று, நாணம். கிளினிக்கிலே வரிசையில் நிற்கும்போது பக்கத்திலே நிற்பவர் நம் ஒழுங்கையார். துண்டு எழுதுபவர் மைத்துனரின் சிநேகிதர். மாலைக்குள் செய்தி சந்தைக்குப் போய்விடும். மகளுக்குச் சம்பந்தம் பேச வருவோர் காதிலும் விழும். இவ்வச்சம் வீணானதென்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும் அதற்கும் வழி உளது. சாவகச்சேரியார் பருத்தித்துறைக்குப் போகலாம். பருத்தித்துறையார் தெல்லிப்பழைக்குப் போகலாம். வேற்றூர்க் கிளினிக்குக்குப் பஸ் ஏறிப் போதல் கோழைத்தனமன்று, பிழைக்கும் வழி.

இவ்விடத்திலே திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தை உபாத்தியாயர்கள் மீண்டும் ஒருமுறை நினைத்தல் வேண்டும். சூலைநோயால் வருந்திய தம்பியார், தமக்கையாரிடம் நேரே வர நாணித் தமக்குச் சமைப்பவனைத் தூதாக அனுப்பினார். திலகவதியார் தாம் தம்பியிருந்த இடத்துக்குப் போக உடன்பட்டிலர். ஆயினும் தம் வாயிலை அடைத்தாருமல்லர். தம்பியார் பிறர் அறியாதவாறு இரவிலே வந்து அடியில் வீழ்ந்தபோது, அம்மையார் பழையதை எடுத்து ஒரு வார்த்தையும் சொல்லாது, எடுத்து நிறுத்தி, திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். தவறான வழிக்குத் துணைபோகாமை, திரும்பி வந்தவனைக் கடியாமை, உடன் நடத்தல் என்னும் மூன்றும் அங்கே உள. குடிநோயாளர் வீட்டாருக்கும் இம்மூன்றே விதி. குடிக்கப் பணம் கொடாதிருக்க, வந்தபோது ஏசாதிருக்க, கிளினிக்குக்குக் கூடப் போக.

அச்சரித்திரத்திலே பெயர் சொல்லப்படாத ஒருவன் உளன். இருவருக்குமிடையே செய்தி கொண்டு போய்வந்த அச்சமையற்காரனே அவன். அவன் உபதேசித்தானல்லன், நோய் தீர்த்தானுமல்லன், வழிக்கு நடுவே நின்று உதவினான். உபாத்தியாயரிடம் நாம் வேண்டுவது அவ்வளவே.

வித்தியாசாலையிலே செய்யத்தக்கன

மாணாக்கன் ஒருவன் போதைப்பொருளோடு பிடிபட்டால், அவனுடைய பெயரை இடாப்பிலிருந்து வெட்டுதலே பல இடங்களில் முதற் செயலாகின்றது. மற்றைப் பிள்ளைகளைக் காத்தற்பொருட்டே அவ்வாறு செய்கின்றோம் என்பர். அவ்வெண்ணத்தை நாம் இகழ்கின்றோமல்லோம். ஆனால் வித்தியாசாலையின் படலை சாத்தப்பட்ட அன்றே விற்பவனுடைய படலை அவனுக்குத் திறக்கின்றது. பகல் முழுவதும் வேலையின்றித் திரியும் பிள்ளையினும் விற்பவனுக்கு வேண்டிய வாடிக்கையாளன் வேறிலன். பிள்ளை பாடசாலையிலே இருக்கும் நேரமெல்லாம் ஒருவர் கண்ணிலேனும் இருக்கின்றான். ஆதலால் தண்டனை வேண்டுமாயின் அது அவனை உள்ளே வைத்துக்கொண்டு கொடுக்கும் தண்டனையாகுக.

இரண்டாவது, இரகசியம் காத்தல். மாணாக்கன் சொன்னது ஆசிரியர் அறையிலே பேச்சாகுமாயின், அவன் இனி ஒருபோதும் எவரிடமும் வாய் திறவான். பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாயின் மாத்திரம் சொல்லவேண்டியவருக்குச் சொல்லுக. அவ்வாறு சொல்லப்போகின்றோம் என்பதையும் முன்னே அவனுக்கு அறிவிக்க.

மூன்றாவது, குடிகாரன் பிள்ளை என்னும் சொல்லை வகுப்பிலிருந்து நீக்குதல். தகப்பனாரின் நோய்க்குப் பிள்ளை கூலி கொடுத்தல் நீதியன்று. வீட்டுப்பாடம் செய்யாது வந்தவனைக் கேட்குமுன், நேற்றிரவு உறங்கினானோ என்று கேட்க.

நான்காவது, மீண்டும் விழுந்தவனைக் கைவிடாமை. ஒருமுறை சிகிச்சை பெற்றவருள் பலர் ஒருமுறையேனும் மீண்டும் வழுக்குவர். அதனைச் சத்தியம் தவறுதல் என்று எண்ணி வெறுப்போமாயின், அவர் மறுமுறை நம்மிடம் வாரார். நீரிழிவு நோயாளருக்குச் சீனி கூடினால் அவரை நாம் வெறுப்பதில்லை. மீண்டும் கிளினிக்குக்கே அனுப்புகின்றோம். இதுவும் அத்தகையது.

ஊர் தானே மருந்தாதல்

சிகிச்சை சில நாட்களில் முடியும். மீட்சிக்கோ ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளிலே துணையாவார் யார்? 1935ஆம் ஆண்டிலே அமெரிக்க தேசத்து அக்ரன் என்னும் நகரத்திலே, குடியை விட முயன்ற ஒரு வியாபாரியும் குடிநோயுற்ற ஒரு வைத்தியரும் சந்தித்துப் பேசினர். குடித்தவனுடைய துன்பத்தைக் குடித்தவனே அறிவான் என்று கண்டு, ஒருவருக்கொருவர் துணையாயினர். பெயர் வெளியிடாது கூடும் குடிநோயாளர் கூட்டங்கள் உலகெங்கும் பரவியது அச்சந்திப்பிலிருந்தேயாம். நம் ஊரிலே அத்தகைய கூட்டம் இல்லையே என்று வருந்த வேண்டா. அது தொடங்கியபோது இருந்தவர் இருவரே.

தமிழ்நாட்டிலே, கணவரைக் குடிநோயினால் இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் 1980ஆம் ஆண்டிலே சென்னையில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். பட்டணத்துக்கு வர இயலாத ஏழைகளுக்காக, அந்நிலையத்தார் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி முதலான ஊர்களுக்குத் தாமே சென்று முகாம் நடத்தினர். ஊர்ப் பெரியோர் இடங்கொடுத்து நோயாளரைத் தேடிக் கொணர்ந்தனர். வைத்தியரும் தாதியரும் வந்து சிகிச்சை செய்தனர். வீட்டாருக்கும் போதனை நடந்தது. எல்லார் முன்னும் நடைபெற்றமையால் நாணமும் குறைந்தது. நம் ஊர்களிலே கோயில் மண்டபங்களுக்கும் வித்தியாசாலைக் கட்டடங்களுக்கும் குறைவில்லை. விடுமுறைக் காலங்களிலே அவை பூட்டிக் கிடக்கின்றன.

பரீட்சை வினாக்கள்

பாடத்தின் முடிவிலே வினாக் கேட்டல் நம் வழக்கம். இவ்வினாக்கள் மாணாக்கருக்கல்ல, உபாத்தியாயருக்கு. இவற்றின் விடை இக்கட்டுரையிலே இல்லை. ஒரு பிற்பகல் எழுந்து போய் விசாரித்தாலன்றிக் கிடையாது.

1. உமது வித்தியாசாலைக்கு அண்மையிலே உளநலக் கிளினிக் எந்த வைத்தியசாலையில், எந்நாளில், எந்நேரத்தில் நடைபெறுகின்றது?

2. அங்கே முதலிற் காணவேண்டியவர் யார்? அவ்விடத்துக்குப் போதற்கு நாணுவோர் போகத்தக்க அடுத்த ஊர்க் கிளினிக் எது? அதற்குப் பஸ் எத்தனை மணிக்கு?

3. உமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை நீர் அறிவீரோ? அவர் உம்மை அறிவாரோ?

4. இந்த ஆண்டிலே உமது வகுப்பிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருடைய வீட்டுக்கு நீர் போயினீர்?

விடைகளை ஒரு தாளிலே எழுதி இடாப்பின் உள்ளட்டையிலே ஒட்டி வைக்க. ஒரு திங்கட்கிழமை, உறங்காத கண்ணோடு ஒரு பிள்ளை உமது மேசையருகே வந்து நிற்பான். என்ன சொல்வதென்று அறியாது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான். அப்போது விசாரிக்க நேரமிராது.